காற்புண்ணில் சேரும் கிருமிகள்

காலில் முள் தைத்தால் வலிக்கிறது; உடனே குனிந்து பிடுங்கிவிடுகிறோம். வலி நமக்குக் காவல். ஆனால், இனிப்பு நீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் நீடித்தால், பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி குன்றுகின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. சப்பாத்தினுள் கிடக்கும் சிறு கல் நாள் முழுதும் உறுத்தினாலும் தெரிவதில்லை. வலிக்காத புண்ணைப் பலர் பொருட்படுத்துவதும் இல்லை. பின்னர் காலையே இழக்க நேரும் துன்பம் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது.

புண்ணைப் பழுக்கச் செய்பவை பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள். அவை எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்தால், எவ்வழியை அடைக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலாவது, நம் உடலே. ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி, நலமாய் இருப்போரிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கினுள் வாழ்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது மற்றொன்று. புதிய புண்ணில் சீழ் பிடிக்கச் செய்பவை பெரும்பாலும் இவ்விரண்டே. விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண்ணின் வெடிப்பு இவற்றுக்கு எளிய வாயிலாகும்.

இரண்டாவது, ஈரம். சூடோமோனாஸ் என்னும் கிருமி நீரிலும் ஈர மண்ணிலும் செழிப்பது. பனியிலும் மழையிலும் நனைந்த சப்பாத்துடன் பால்மரம் சீவுவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வெப்ப நாடுகளில் காற்புண்களில் இக்கிருமி மிகுதியாகக் காணப்படுகிறது.

மூன்றாவது, குடல். ஈ கோலி, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் ஆகியவை கழுவாத கைகளின் வழியே புண்ணை அடைகின்றன. நாட்பட்ட புண்களில் இவை சேர்ந்துகொள்ளும். இரத்தம் எட்டாது செத்த தசையின் ஆழத்தில், காற்று வேண்டாத கிருமிகளும் பெருகும். புண் துர்நாற்றம் வீசுவதற்கு இவை ஒரு காரணம்.

நான்காவது, மண். நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் மெலியோய்டோசிஸ் நோய்க்கிருமி உண்டு. 1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி ஆகிய இரு மருத்துவர்கள் இந்நோயைக் கண்டறிந்தனர். காற்புண்ணில் இது அரிதே. எனினும், தோலின் சிறு காயத்தின் வழியே புகுந்து நுரையீரலையும் இரத்தத்தையும் தாக்கி உயிரைப் பறிக்க வல்லது. நீரிழிவு உடையோரையே இது மிகுதியாகப் பற்றுகிறது.

கிருமிகள் இத்தனை வகையாதலின், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. மருத்துவர் புண்ணைக் கழுவி, செத்த தசையை நீக்கி, ஆழத்திலிருந்து சிறிது தசையெடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவது எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று அறிவதற்கே. மேலாக ஒற்றியெடுத்தால், தோலில் வெறுமனே தங்கியிருக்கும் கிருமியே அகப்படக்கூடும். பழுக்காத புண்ணுக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை வேண்டுவதில்லை. பழுத்த புண்ணுக்கோ பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரை போதாது. மஞ்சளும் காப்பித்தூளும் அப்புவது புண்ணை மறைக்குமேயன்றி ஆற்றாது.

நாள்தோறும் செய்ய வேண்டியவை:

1. மாலையில் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமறத் துடைத்தல். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்கலாகாது.

2. உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்த்தல். பார்வை மங்கியோர் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

3. சப்பாத்தைக் கவிழ்த்து உதறிய பின்னரே அணிதல், நனைந்த காலுறையை மாற்றுதல், வெறுங்காலுடன் நடவாதிருத்தல்.

4. மருந்தாலும் உணவாலும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல். சர்க்கரை மிகுந்தால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வலுவிழக்கும்.

காலில் புதிதாய் எவ்வளவு சிறிய புண் கண்டாலும், ஓரிரு நாளில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுதல் வேண்டும். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கருநிறம் இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைக்கே செல்க. வலிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டா. நரம்பு மரத்த காலில் அந்த வலி வராமலே போகக்கூடும்.