கிண்டி இரலை: பெயர்ப் பகுப்பும் மரபணுப் பகுப்பும்

அடையாற்றை ஒட்டிய கிண்டிப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் ஒருங்கே மேய்கின்றன. முன்னது கொம்பை உதிர்த்துப் புதுப்பிக்கும். பின்னதன் முறுக்குக் கொம்பு உதிராது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. தொல்காப்பிய மரபியல் 'கலை' என்பதைப் புல்வாய்க்கும் உழைக்கும் பொதுவாக்கி, 'இரலை'யைப் புல்வாய்க்கே உரித்தாக்குகிறது. ஆதலின் 'கலைமான்' என்பதினும் 'இரலை'யே வெளிமானுக்குத் தக்க கலைச்சொல்.

இரலையைத் தென்கிழக்கு, வடமேற்கு எனத் துணையினம் இரண்டாகப் பகுத்தது பெரிதும் புறத்தோற்றம் நோக்கியே. கிண்டி மந்தையை முன்னதில் அடக்குவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1948 முதல் 1952 வரை சென்னை ஆளுநராயிருந்த பவநகர் மகாராஜா இங்கு வெண்ணிற இரலைகளை விடுவித்தார் என்பது வழங்கும் செய்தி. அவை குஜராத்திலிருந்து வந்திருப்பின் கலப்பு நேர்ந்திருக்கலாம். வந்தவை ஆண்களாயின், தாய்வழியே இறங்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணு அதனைக் காட்டாது. உட்கரு மரபணுவையும் கோடிக்கரை மந்தையினதோடு ஒப்பிடல் வேண்டும். ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரில் அடைபட்ட சிறுமந்தையில் தற்செயலாகவும் வேறுபாடு மிகும்; அதனைத் துணையின வேறுபாடாகக் கொள்ளுதல் பொருந்தாது.