பைலா என்பது ஊர்ச் சட்டமே

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் 'பைலா'வை ஆங்கிலத்தில் எழுதும்போது, முதற் பகுதியைச் சிலர் 'பி, ஒய்' என்று இரண்டெழுத்தோடு நிறுத்துகிறார்கள், வேறு சிலர் ஓர் 'இ'யும் சேர்க்கிறார்கள். எது சரி? இப்பதம் எங்கிருந்து வந்தது?

பதில்: இரண்டும் சரியே. 1897-ஆம் வருஷத்துப் பொது ஷரத்துகள் சட்டமும், அரசியல் சாசனத்தின் 13-வது ஷரத்தும் 'இ' சேர்ந்த உருவத்தையே கையாளுகின்றன. அமெரிக்கர்களோ அதை விட்டுவிட்டு ஒரே சொல்லாக எழுதுகிறார்கள்.

எழுத்தைவிட அர்த்தமே விசாரிக்கத் தக்கது. கிளைப்பாதையையும் உபபொருளையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முன்னே 'பை' வருவதைக் கண்டு பழகியவர்கள், பைலாவும் பெரிய சட்டத்தின் பக்கத்தில் நிற்கும் சிறிய சட்டம் என்றே எண்ணிவிட்டார்கள். உண்மையில், 9-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய மக்களின் பாஷையில் குடியிருப்புக்கு, அதாவது ஊருக்கு, வழங்கிய பெயரே இந்தப் 'பை'யாகும். ஸ்வீடனில் கிராமத்தை இன்றும் அச்சொல்லாலேயே அழைக்கிறார்கள்; விட்பி, கிரிம்ஸ்பி, டெர்பி என்னும் ஆங்கில ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் அது நிலைத்திருக்கிறது. 'லா' என்ற சொல்லும் அதே மக்கள் கொணர்ந்ததுதான்.

இடைக்கால இங்கிலாந்தின் கிராமத்தார் தங்களுக்குள் கூடிச் சம்மதித்து ஏற்படுத்திக்கொண்ட விதிகளைப் பார்த்தால் இப்பொருள் தெளிவாக விளங்கும். இரவு நேரத்தில் வயலிலிருந்து கதிர் கொண்டுபோகலாகாது. நாளொன்றுக்கு ஒரு பென்னியும் உணவும் கூலியாகப் பெற்று அறுவடை செய்யக்கூடிய தேகபலமுள்ளவன், ஏழைகளுக்கும் முதியோருக்கும் உரிய சிந்திய கதிரைப் பொறுக்க வரலாகாது. என்ன அருமையான நியாயம்! எந்த மன்னனும் பிறப்பிக்காத இவ்விதிகளைப் பயிரையும் பசியையும் அறிந்த அண்டை வீட்டாரே வகுத்தார்கள்.

தமிழில் 'துணைவிதி' என்று நாம் பெயர்த்தது, 'பை' என்பதற்குப் பிற்காலத்தார் கொண்ட அர்த்தத்தைத் தழுவியது. இன்றைய பைலா தாய்ச்சட்டம் அளித்த அதிகாரத்துக்கு உட்பட்டதே ஆகையாலும், அந்த எல்லையை மீறினால் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளிவிடும் ஆகையாலும், அம்மொழிபெயர்ப்பை நான் பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் தாங்கள் கேட்டது பதத்தின் பிறப்பை. அந்த வகையில் பைலாவுக்கு நேரான தமிழ் 'ஊர்ச் சட்டம்' என்பதே.