வானொலியைக் கேட்டலும் கூடி ஆராய்தலும்

நல்ல வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் போதாது. அது காரியமாகவும் வேண்டும். சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் உபவிதிகள் வாசிக்கப்படுகின்றன. அங்கத்தினர் யாவரும் கேட்கின்றனர். ஆயினும், கேட்டவர் அனைவரும் தவணை தவறாது கடன் செலுத்துவதில்லை. வானொலி வாயிலாக அளிக்கப்படும் கல்வியும் இத்தகையதே. இக்குறையை உணர்ந்து, அதற்கு ஒரு வழி கண்ட தேசம் கானடா.

அந்நாட்டில் பண்ணைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் உள்ளன. குளிர் காலத்தில் பனி மூடி வயல் வேலை நின்றுவிடும். 1941-ல் கானடா ஒலிபரப்பு ஸ்தாபனம், வயது வந்தோர் கல்விச் சங்கம், விவசாயிகள் சம்மேளனம் ஆகிய மூன்றும் சேர்ந்து தேசீயப் பண்ணை வானொலி மன்றத்தை ஏற்படுத்தின. படித்தல், கேட்டல், ஆராய்தல், செய்தல் என்னும் நான்குமே அதன் கொள்கை.

மன்றம் நடந்த முறையாவது: நவம்பர் முதல் மார்ச்சு வரை, திங்கட்கிழமை தோறும் மாலையில் அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடுவர். அன்றைய விஷயத்தைப் பற்றிய அச்சிட்ட குறிப்பு முன்னதாகவே அவர்களுக்கு வந்திருக்கும். அரை மணி நேரம் வானொலியைக் கேட்டபின், குறிப்பிலுள்ள வினாக்களை ஆராய்வர். தாங்கள் கண்ட முடிவை எழுதி மாகாணக் காரியாலயத்துக்கு அனுப்புவர். அம்முடிவுகள் திரட்டப்பட்டு வானொலியில் மீண்டும் அறிவிக்கப்பட்டன. சிற்சில சமயம் சர்க்காருக்கும் அனுப்பப்பட்டன. இவ்வாறு, கேட்பவர் குரலும் பேசுபவர் செவிக்கு எட்டிற்று. இம்மன்றங்களில் 27,000 பேர் வரையில் கலந்துகொண்ட காலமும் உண்டு. இவ்வேற்பாடு 1965 வரை நடைபெற்றது.

கானடாவின் அனுபவத்தைப் பின்பற்றி, 1956-ல் பம்பாய் ராஜ்யத்தின் மராத்தி பேசும் ஐந்து ஜில்லாக்களில், சுமார் 150 கிராமங்களில், பூனா வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரத்துக்கு இருமுறையாகப் பத்து வாரம், 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியுடன் இதன் பலன் பரிசீலிக்கப்பட்டது. மன்றம் உள்ள கிராமங்களில் மக்களின் அறிவு நன்கு வளர்ந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களிலோ வளர்ச்சி சொற்பமே. மன்றத்தார் சிலர் கிணறு தோண்டினர். உயர்ந்த ஜாதிக் காளைகளைத் தருவித்தனர். விற்பனைச் சங்கங்களும் குழந்தைப் பள்ளிகளும் நிறுவினர். 1959-ல் இத்திட்டம் இந்தியாவின் ஏனைய பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இவ்வித்தியாசத்தின் காரணத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். நிலக்கடலை விலை ஏறியிருப்பதாக வானொலியில் அறிவிக்கப்படுகிறது என்று கொள்வோம். தனித்துக் கேட்ட குடியானவர் மகிழ்ச்சி அடைகிறார். ஆனால் தம்மிடமுள்ள நான்கு மூட்டைகளுக்காகத் தனி வண்டி பிடித்துச் சந்தைக்குச் செல்ல அவருக்குக் கட்டாது. எனவே, வாசலுக்கு வந்த வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார். அதே செய்தியைப் பத்துப் பேர் கூடிக் கேட்டு யோசிப்பாராயின், வண்டிச் சத்தத்தைப் பங்கிட்டுக்கொண்டு, சரக்கைச் சங்கத்தின் மூலம் விற்க முடியும். செய்தி ஒன்றே, நஷ்டமும் லாபமும் கேட்ட முறையைப் பொறுத்தவை.

வானொலியாயினும், தொலைக்காட்சியாயினும், இந்நாளில் கையிலுள்ள தொலைபேசியாயினும், கருவி தானே எதையும் செய்வதில்லை. கூடி ஆராய்வதற்குச் சங்கக் கட்டடமும், அக்கிராசனரும், காரியதரிசியும், தீர்மானப் புத்தகமும் கூட்டுறவுச் சங்கத்தாரிடம் ஏற்கனவே உள்ளன. வேண்டியது வாரத்தில் ஒரு மணி நேரமே.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. சென்ற மாதம் கேட்ட விவசாயச் செய்திகளுள் எது காரியமாயிற்று? ஆகாதது எதனால்?

2. கூடிக் கேட்பதற்கு எல்லோருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும் கூலி வேலை செய்வோருக்கும், ஏற்ற நேரமும் இடமும் யாவை?

3. ஆராய்ந்து கண்ட முடிவை எழுதி, உரியவருக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்பவர் யார்?