நெய்யாத துணி, வாடாத மலர்

நுழையும்முன்

துணி என்றதும் தறியும் ஊடும் பாவும் நினைவுக்கு வரும். நூற்காமலும் நெய்யாமலும் உருவாகும் துணியும் உண்டு. ஆட்டுக் கம்பளியை அழுத்திச் செறிவாக்கிய அதன் பெயர் ஃபெல்ட். கூந்தலில் சூடும் சிறு மலராகவும் விளங்கும் அத்துணியின் வரலாற்றை அறிவோம்.

செதில்களின் பிணைப்பு

செம்மறியாட்டின் மயிரிழையில், ஓடு வேய்ந்த கூரைபோல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. சீவிய கம்பளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சோப்புக் கரைத்த வெந்நீர் தெளித்துத் தேய்த்தால், இழைகள் ஒன்றனுள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்ளும். செதில்கள் அவற்றைப் பின்வாங்க விடா. பின்னர்ப் பாயில் சுருட்டி உருட்ட உருட்டக் கம்பளி சுருங்கித் திண்மை பெறும். ஆதலின், வேண்டிய அளவினும் பெரிதாகவே பரப்புதல் வேண்டும்.

கூந்தல் மலர்

நூலோட்டம் இல்லாமையால், வெட்டிய விளிம்பில் பிசிர் எழாது. மடித்துத் தைக்கவும் தேவையில்லை. இதழ்களை வெட்டி அடுக்கி, நடுவில் தைத்து நூலை இழுத்தால் இதழ்கள் குவியும். மையத்தில் மணி ஒன்றைக் கோத்து, அடியில் வட்டத்துண்டு வைத்துத் தையலை மறைத்து, கிளிப்பைப் பொருத்தினால் மலர் நிறைவுறும். எடை குறைந்த இம்மலர் கூந்தலுக்குச் சுமையாவதில்லை.

பனி காத்த கலை

இக்கலை மிகப் பழமையானது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியிலுள்ள உக்கோக் பீடபூமியில், 1993ஆம் ஆண்டு தொல்லியல் அறிஞர் நதாலியா பலோஸ்மாக், பனியுறைந்த கல்லறை ஒன்றைக் கண்டறிந்தார். 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்கல்லறையில் துயின்ற பெண்ணின் உயர்ந்த தலையணியில் ஃபெல்ட் இடம்பெற்றிருந்தது. பொன் தகடு போர்த்திய மரச்சிற்பங்கள் அதனை அழகு செய்தன.

பனி காத்த கலையை மனிதர் காப்பரோ என்பதே இன்றைய வினா. கிர்கிஸ்தான் பெண்களின் ஃபெல்ட் விரிப்புக் கலையை, உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டு சேர்த்தது. அப்போது கைவினைஞருள் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்திருந்தனர். மலிவான செயற்கை விரிப்புகள் சந்தையை நிறைத்தன. இளையோர் ஆர்வம் குன்றியது. கைகள் ஓய்ந்தால், கைகள் அறிந்த அறிவும் ஓய்ந்துவிடும். அருங்காட்சியகம் பொருளைக் காக்கும். செய்திறனைக் காப்பவர் கற்றுக்கொள்வோரே. சிறு கூந்தல் மலரைச் செய்யப் பழகும் கையும் அத்திறனை வாழவைக்கும்.

தெரிந்து தெளிவோம்

கடைகளில் கிடைக்கும் மலிவான ஃபெல்ட் தாள்கள் பல செயற்கை இழையால் ஆனவை. அவ்விழைகளுக்குச் செதில்கள் இல்லை. முள் அமைந்த ஊசிகளைக் கொண்ட இயந்திரங்கள் அவற்றைக் குத்திப் பிணைக்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் கற்பார் குறைந்துவரும் கைத்தொழில் ஒன்றின் செய்முறையைக் கைவினைஞரிடம் கேட்டறிந்து, அவர் வழங்கும் தொழிற்சொற்களுடன் கட்டுரையாக்குக.