புலி கொன்ற யானை

நுழையும்முன்

செய்தித்தாளை முழுவதும் படிப்பவர் சிலர். தலைப்பை மட்டும் படித்துவிட்டு நாள் முழுவதும் விவாதிப்பவர் பலர். அப்படிப் படிக்கப்பட்ட பழைய தலைப்புகளை மீண்டும் எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அச்சிரிப்பின் காரணத்தைத் தேடினால் இலக்கணம் எதிர்ப்படும்.

துதிக்கை இழந்த யானை

தமிழ்நாட்டு ஊர்களில் பழைய செய்தித்தாளுக்கு மறுவாழ்வு உண்டு. மளிகைக்கடையில் அது பொட்டலமாகும். வீட்டில் அலமாரித் தட்டின் விரிப்பாகும். பல்லாண்டு கழித்து அவ்விரிப்பை உருவி எடுப்பவர், செய்தி மங்கிப்போயிருந்தாலும் தலைப்பு மங்காதிருப்பதைக் காண்பர். படித்ததும் முதலில் விழிப்பர்.

விழிக்க வைப்பவை அக்காலச் சொற்கள். தேர்தலில் நின்ற வேட்பாளர் அன்று ‘அபேட்சகர்’. செயலாளர் ‘காரியதரிசி’. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ‘அக்கிராசனர்’. முதன்மை இருக்கையில் அமர்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். புராண அரக்கரின் பெயர்போல் அது ஒலிப்பதற்கு அந்தப் பெரியவர் பொறுப்பல்லர். எழுத்தும் வேறாக இருந்தது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் ‘னை’, ‘லை’ போன்றவை துதிக்கைபோல் வளைந்த குறியுடன் அச்சாயின. ‘யானை’ என்னும் சொல்லிலேயே ஒரு துதிக்கை இருந்தது. சீர்திருத்தம் அதனை எடுத்துவிட்டது.

வடசொல் மிகுதியைக் கண்டு அந்நாளைய இதழாளரைப் பழிப்பதற்கில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனில் பாரதியார் 1904இல் துணையாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் வந்த செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய அன்றாடப் பணி. ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடித் தாம் பட்ட பாட்டை அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் பார்த்துத் தள்ளிவிட்டு, கடைசியில் ‘மெம்பர்’ என்றே எழுதிவிட்டாராம். மகாகவிக்கு அன்று அகப்படாத ‘உறுப்பினர்’ இன்று ஊராட்சி அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் சாதாரணமாகத் தொங்குகிறது.

மர்ம ஆசாமி

தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம். ஆகவே அது சுருங்கப் பேசியது. ஈய அச்சு எழுத்துக்கு அகலம் மாறாது. ஆகவே தலைப்பும் பத்தியின் அகலத்துக்குள் சுருங்கியது. ‘உயிரிழந்தனர்’ என்பதில் எட்டு எழுத்துகள். ‘பலி’ என்பதில் இரண்டு. தெய்வத்துக்கு இடும் படையலைக் குறித்த சொல் பேருந்து விபத்துக்கு வந்து சேர்ந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய இதழ் தந்தியின் பெயரையே தாங்கியது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 2013இல் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபின்னும் தினத்தந்தி என்னும் பெயர் நிலைத்திருக்கிறது.

சுருக்கத்துக்காகப் பிறந்த சொற்கள் நாளடைவில் அச்சுவார்ப்பாயின. ‘மர்ம ஆசாமி’ என்பவர் பல்லாண்டுகளாக ஓர் ஊரில் ஆடு திருடி, மற்றோர் ஊரில் சங்கிலி பறித்து, மூன்றாவதூரில் ‘கைவரிசை’ காட்டிவருகிறார். அவருக்கு வயதாவதே இல்லை. அவரைப் பிடிக்கக் காவல்துறை ‘வலை’ வீசுகிறது. ஆறு, குளம் இல்லாத ஊரிலும் வலைக்குக் குறைவில்லை. விபத்து நிகழ்ந்தால் ‘டிரைவர் ஓட்டம்’. ஓட்டுவது அவர் தொழில். ஓடுவது அன்றைக்கு மட்டும்.

பக்க அமைப்பும் தன் பங்குக்கு விளையாடும். ஒரு பத்தியில் ‘அமைச்சர் நாளை வருகை’ என்றும், அடுத்த பத்தியில் வெள்ளச் செய்திக்கு ‘மேடான இடங்களுக்குச் செல்ல மக்களுக்கு அறிவுரை’ என்றும் இருப்பதாகக் கொள்வோம். இடையிலுள்ள கோட்டைக் கண் தாண்டிவிட்டால் இரண்டும் ஒரே செய்தியாகிவிடும்.

தடுமாறு தொழிற்பெயர்

இவற்றைவிட நுட்பமானது உருபு தொக்கதால் விளையும் மயக்கம். ‘தலைவர் கண்டித்த மக்கள்’ என்றொரு தலைப்பை எண்ணிப் பார்க்கலாம். தலைவர் மக்களைக் கண்டித்தாரா, மக்கள் தலைவரைக் கண்டித்தனரா? தொல்காப்பியர் இத்தகைய தொடரைத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்னும் பெயரால் குறித்தார். உரையாசிரியர்கள் காட்டும் சான்று ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானை என்றும், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் அது பொருள்படும். கொன்றதும் யானையாக இருக்கலாம். இறந்ததும் யானையாக இருக்கலாம். ‘தலைவரைக் கண்டித்த மக்கள்’ என ஓர் ஐகாரமும் ஒரு ககர ஒற்றும் சேர்ந்தால் ஐயம் தீர்ந்துவிடும். இடம் போதாமல் அவ்விரண்டும் விடுபட்டிருந்தால், மறுநாள் காலையில் பத்திரிகை அலுவலகத்தின் தொலைபேசி ஒலிப்பதை யாராலும் நிறுத்த இயலாது.

இம்மயக்கம் சிரிக்கத்தக்கது, படிப்பவர் கேட்டுத் தெளிவு பெறுவர். மயக்கமே இல்லாத ஒரு தலைப்பும் பழைய தாள்களில் உண்டு. இன்றைய தாள்களிலும் அது வருகிறது.

‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’

இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை. ‘தாக்கி’ என்னும் வினையெச்சத்துக்கு எழுவாய் விஷவாயு. கொன்றது அதுவே என்கிறது தலைப்பு. கழிவுநீர்த் தொட்டி தானாகத் திறந்துகொள்வதில்லை. மூடியைத் திறக்கச் சொன்னவர் ஒருவர் உண்டு; கூலி பேசியவர் உண்டு; முகக்கவசம் தராதவர் உண்டு. இவர்களில் ஒருவரும் அந்த நான்கு சொற்களுக்குள் இடம்பெறவில்லை. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைக் கொண்டு கழிவுநீர்த் தொட்டியைத் தூய்மை செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தலைப்பு மாறவில்லை.

அச்சுக்கோப்பவர் மனம்வைத்தால் வேறு சொற்களும் கிடைக்கும். ‘தொட்டிக்குள் இறங்கிய இருவர் சாவு’ என்பது தன்வினை. அவர்கள் தாமே விரும்பிச் சென்றதுபோல் தோன்றும். ‘தொட்டிக்குள் இறக்கப்பட்ட இருவர் சாவு’ என்று எழுதினால் இறக்கியவர் யார் என்னும் வினா எழுகிறது. இரண்டுக்கும் இடையே நீளத்தில் வேறுபாடு மிகக் குறைவு. இரண்டும் ஒரே அகலத்துக்குள் அடங்கிவிடும்.