அண்டை வீட்டு மொழி

சிலாங்கூர், கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள கேரித்தீவு செம்பனைக்குப் பெயர் பெற்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் அங்கு உண்டு. அதே தீவின் சிற்றூர்களில் மா மெரி எனும் பூர்வக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்களின் மரச்சிற்பங்களையும் முகமூடி நடனத்தையும் காணச் சுற்றுப்பயணிகள் வருகின்றனர். அவர்களின் மொழியைக் கேட்க வருவோர் குறைவு.

பெசிசி என்றும் அழைக்கப்படும் இம்மொழியை மலாய்மொழியின் கிளை என எண்ணுவது தவறு. கெமர், வியட்நாமிய மொழிகள் அடங்கிய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. பேசுவோர் சில ஆயிரம் பேரே. வழிவழியாக வந்த எழுத்துமுறையும் இல்லை. பள்ளியிலும் வேலையிடத்திலும் மலாய்மொழியே வழங்குவதால், வீட்டிலும் அதற்கு மாறிவிடுவது எளிது.

தமிழின் நிலை வேறு. கணினி வந்தபோது தமிழுக்கு எழுத்தும் நூல்களும் வாசகர்களும் ஏற்கெனவே இருந்தனர். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 2005இல் செல்லினம் வழியாகக் கைப்பேசியிலும் தமிழ் ஏறியது. மா மெரி மொழிக்கோ விசைப்பலகைக்கு முன்னரே எழுத்துக்கூட்டல் தேவைப்படுகிறது.

அப்பணி எளிதன்று. அண்டை மாவட்டமான சிப்பாங்கில், புக்கிட் பங்கோங் எனும் ஊரிலும் மா மெரி மக்கள் வாழ்கின்றனர். அவ்வூர்ப் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் நிக்கோல் குருஸ்பே, 2010இல் அகராதி ஒன்றை வெளியிட்டார். அங்கு ஒரே உயிரொலியைத் தெளிந்த குரலிலும் மூச்சுக் கலந்த குரலிலும் ஒலிக்கலாம்; குரல் மாறினால் சொல்லே வேறாகிவிடும். மலாய் எழுத்துக்கூட்டலில் இவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. ஸ்கீட், பிளாக்டன் ஆகியோர் 1906இல் வெளியிட்ட நூலில் பெசிசிப் பாடல்கள் அச்சேறின. ஆனால், அச்சில் குரல் ஏது?

ஆகவேதான் ஒலிப்பதிவு இன்றியமையாதது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் ஆஸ்திரோ ஆசிய மொழிப் பதிவுகளுக்கென மின்னியல் பெட்டகம் ஒன்றை நடத்துகிறது. நம் நாட்டு அசிக் எஃப்.எம். வானொலி செமாய், தெமியார் முதலிய பூர்வக்குடி மொழிகளில் ஒலிபரப்புகிறது. பெட்டகம் ஆய்வாளருக்கு உதவும். வானொலி கேட்பவருக்கு உதவும். பேசுபவருக்கு உதவுவது கையிலுள்ள திறன்பேசிதான். பாட்டி குரல் செய்தி அனுப்பினால், நகரில் வேலை செய்யும் பேரன் அதே மொழியில் பேசியே பதில் அனுப்பலாம். எழுத்துக்கூட்டல் வேண்டியதில்லை. மூச்சுக் கலந்த குரலும் அப்படியே போய்ச் சேரும்.