இலைத்தத்தியை இனங்காணல்

பூண்டுலோயா என்னும் பெயரை மலைநாட்டார் யாவரும் அறிவர். அப்பெயர் பூச்சியியல் நூலொன்றிற் பலகால் வருவதை அறிந்தோர் சிலரே. பிரித்தானிய இந்திய விலங்குகளைப் பற்றிய நூல்வரிசையில் டிஸ்ரன்ற் என்பார் எழுதி 1908இல் வெளிவந்த தொகுதியே அது. பூண்டுலோயாவிலே தோட்டத்துரையாயிருந்து, பின்னர்ப் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலறிஞராய் விளங்கிய ஏர்னஸ்ற் கிறீன் திரட்டிய சிறுபூச்சிகள் பல அந்நூலில் இடம்பெற்றன. அவற்றுள் இலைத்தத்திகளும் உள.

இலைத்தத்தி செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்வது; சிறகுகளைக் கூரைபோல் மடித்து வைத்திருப்பது; அணுகினாற் பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபுறம் ஒளிவது, அன்றேல் துள்ளி மறைவது. இதனை ஒத்த பூச்சிகள் வேறும் உளவாதலின், மாணவர் பின்னங்காலை நோக்குக. கணைக்கால் நெடுகிலும் நுண்முட்கள் வரிசையாக நிற்பின் அது இலைத்தத்தி. தடித்த முட்கள் ஒன்றிரண்டே இருப்பின் நுரைப்பூச்சி. நுனியில் அசையும் குதிமுள் காணப்படின், நெல்வயலைக் கெடுக்கும் கபிலத் தத்தியின் கூட்டத்தைச் சேர்ந்தது.

கூட்டத்தை அறிதல் இவ்வளவு எளிது; இனத்தை அறிதலோ கடினம். நிறத்தை நம்பலாகாது, ஓரினத்துள்ளேயே அது வேறுபடும். ஆண்பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்து, பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, கிளிசரினில் வைத்து நுணுக்குக்காட்டியால் நோக்கல் வேண்டும். அங்கே தோன்றும் இனப்பெருக்க உறுப்பின் வடிவமே பெரும்பாலும் இனத்தைத் தீர்மானிப்பது. பெண்பூச்சி மாத்திரம் அகப்பட்டாற் பல வேளைகளிற் பெயர் கூறவியலாது.

இம்முறையின் பயனை உகண்டாவிலே காணலாம். கிபாலே மழைக்காட்டில் 2018இல் ஆல்வின் ஹெல்டன் என்னும் ஆங்கில அறிஞர் உலோகம்போல் மின்னும் தத்தியொன்றைப் பிடித்தார். அதன் ஆணுறுப்பு ஓரளவு இலை வடிவினது. ஆராய்ந்தபோது அது புதிய இனமெனத் தெளிவாயிற்று. 2022இல் புளோகிஸ் கிபாலென்சிஸ் எனப் பெயர் பெற்றது. அச்சாதியைச் சேர்ந்த தத்தி அதற்குமுன் இறுதியாகப் பதிவானது 1969இல், மத்திய ஆபிரிக்கக் குடியரசிலே!

நம் மலைநாட்டிலும் தேடத்தக்க காடுகள் உள. ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் சிவனொளிபாத மலைச்சாரலிலும் பாசி போர்த்த குறுமரங்களும், அவற்றின் கீழே பன்னீராண்டளவிற்கு ஒருமுறை பூத்து மடியும் நெலுச் செடிகளும் வளர்கின்றன. ஏனைய இடங்களிலோ, கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் வழிவிட்டது போக எஞ்சியவை பெரும்பாலும் ஓடைக்கரைத் துண்டுகளும் மலைமுடிகளுமே. தத்திகள் பல குறித்த சில செடிகளையே சார்ந்து வாழ்வன. அச்செடி அழியின் பூச்சிக்கும் புகலில்லை.

பழைய நூலிற் பல இனங்களுக்கு நேரே இருப்பது ஊர்ப்பெயர் மாத்திரமே. எந்தச் செடியில், எவ்வுயரத்தில், காட்டிலா தோட்டத்திலா பிடித்தது என்று அது கூறுவதில்லை. கிறீன் கண்ட பூச்சியை இன்று தேடிச்செல்வார்க்கு இது பெருங்குறை. ஆகவே பூச்சியுடன் இணைக்கும் சீட்டில் இடம், உயரம், திகதி, செடி, பிடித்தவர் பெயர் ஆகியன தவறாது இருத்தல் வேண்டும். செடியின் பெயர் தெரியாவிடின் அதன் கிளையொன்றையும் உலர்த்தி உடன் வைக்க. ஒதுக்கக் காடுகளில் உரிய திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு பூச்சியும் பிடித்தல் கூடாது.